குறை எண்ணும் அத்தை

அத்தை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கூரையைப் பார்ப்பாள். அடுத்து நான்கு மூலைகள். அதற்குப் பிறகுதான் எங்கள் முகங்கள். "நல்லா கீறியா?" என்று அவள் யாரையும் கேட்டதில்லை. "இன்னாடி, ஒரு கம்மல் திரும்பிக்கினு கீது." "தம்பி, உன் ட்யூப்லைட்டு ஒரு பக்கம் கறுத்துப்போச்சு." "கொழம்புல உப்பு சரி, புளிதான் இன்னும் எழுந்திருக்கல." இவைதான் அவளுடைய நலம் விசாரிப்புகள். சொல்லி முடித்ததும் முகம் மலர்ந்துவிடும். சுவரோரம் உட்கார்ந்து காலை நீட்டி டீ கேட்பாள். ஒரு குறையாவது கண்ட வீட்டில்தான் அவளால் நிம்மதியாக உட்கார முடியும்.

அவள் என் நைனாவின் மூத்த அக்கா. கோட்டைக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தாள். ஊரில் யார் எதை வாங்கப் போனாலும் அவளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். படகு, இஞ்சின், தையல் மிஷின், கறவை மாடு, மருமகள், எதுவாக இருந்தாலும் சரி. எதை வாங்குவது என்று அவள் சொல்ல மாட்டாள். குறைகளை எண்ணித் தருவாள், அவ்வளவுதான். பொருளைச் சுற்றி வருவாள், தட்டுவாள், நகத்தால் சுரண்டுவாள், முகர்வாள், ஒவ்வொரு விரலாக மடக்குவாள். எண்ணிக்கையை அந்த இடத்தில் சொல்ல மாட்டாள். திரும்பி வரும் வழியில் யாராவது "எத்தினி?" என்று கேட்டால் "அஞ்சு" என்பாள், அல்லது "ஒம்போது" என்பாள். பத்து வரை வாங்கலாம். பத்துக்கு மேல் வேண்டாம். குறையே தெரியவில்லை என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

இந்தக் கடைசி விதிதான் வெளியாட்களுக்குப் புரியாது. எனக்குப் புரிந்தது நான் பள்ளியில் படிக்கும்போது, ஆரம்பாக்கத்தில். நைனா அங்கே ஒருவரிடம் பழைய ஃபைபர் போட் ஒன்று பார்த்து வைத்திருந்தார். நீலமும் மஞ்சளுமாக அது கரையில் பளபளவென்று நின்றது. அத்தைக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

"எதுக்குப்பா புதுசா பெயிண்ட் அடிச்சிக்கிற?"

"பாக்க அழகா இருக்கட்டுமேன்னுதான்கா."

"ஏன், போட்டுக்கு மாப்பிள்ளை வர்றானா?"

பிறகு மோதிர விரலை மடக்கி, படகின் ஓரமாகத் தட்டிக்கொண்டே நடந்தாள். டங், டங், டங், டொக். அங்கேயே நின்றாள். வளையலால் சுரண்டினாள். நீலத்துக்கு அடியில் பட்டி. பட்டிக்கு அடியில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். விற்க வந்தவர் ஏரியில் ஏதோ புதிதாகத் தெரிவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வாரம் பசியாவரத்தில் வேறொரு படகு வாங்கினோம். பார்த்த மாத்திரத்தில் எட்டுக் குறை தெரிந்த படகு. எட்டும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன. படகும் இருக்கிறது.

"தெரியிற கொறை கரையிலயே நம்ம கூட நிக்குது," என்றாள் அன்று. "தெரியாத கொறை நடு ஏரில வந்துதான் பேர் சொல்லும்."

அவள் எப்போதும் சரியாகவே சொன்னாள் என்று நான் எழுதினால் அது பொய். பொன்னேரியில் ஃப்ரிட்ஜ் வாங்கப் போனபோது, குறையே தெரியாத எட்டு ஃப்ரிட்ஜ்களை ஒதுக்கிவிட்டு, கதவில் நெளிவு விழுந்திருந்த ஒன்றைப் பிடிவாதமாக எடுக்க வைத்தாள். கடைக்காரர் அது விற்பதற்கு வைத்ததே இல்லை என்று கெஞ்சினார். மூன்று மாதத்தில் அது நின்றது. பழுது பார்க்க வந்தவர் பின்பக்கத்தைத் திறந்து ஏதோ சொன்னார். அத்தை கதவை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தாள். "நெளிவுதான் அதோட கொறைன்னு நெனச்சேன்," என்றாள். "நெளிவு சும்மா முன்னாடி நின்னுக்கினு இருந்திருக்குது." அதன் பிறகு அந்த ஃப்ரிட்ஜில் வலைக் கயிறு வைத்திருந்தோம்.

தன் பொருளுக்கும் இதே கதைதான். அவள் விற்கும் நண்டுக் கூடையை யாராவது எட்டிப் பார்த்தால், "அடியில மூணு செத்தது கீது" என்று அவளே சொல்லிவிடுவாள். மாமாவைப் பற்றியும் அப்படித்தான். கல்யாணத்தன்று மணவறையிலேயே அவரிடம், "உன்கிட்ட ஏழு கீது. எண்ணிட்டுத்தான் உக்காந்துக்கிறேன்" என்றாளாம். மாமா ஆறடி உயரம், சாதுவான மனிதர். இதை ஒரு சான்றிதழ்போல எல்லோரிடமும் சொல்லுவார். "நாப்பது வருஷம் ஆவுது. எட்டாவது இன்னும் அவளுக்குக் கெடைக்கல."

கெமிக்கல் டிப்ளமோ முடித்து, கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தபோது, அங்கே என்ன வேலை என்று கேட்டாள். ஒவ்வொரு டின்னிலும் நிறம், கெட்டி, காயும் நேரம் எல்லாம் பார்த்து, குறை இருந்தால் எழுதி ஒதுக்க வேண்டும் என்றேன். வாயைப் பிளந்துவிட்டாள்.

"கொறை பாக்கறதுக்கு மாசச் சம்பளமா? அடிப்பாவி, நான் இத்தினி வருஷம் ஓசில பாத்துக்கினு இருந்துட்டேனே!"

அத்தை போய் இரண்டு வருடம் ஆகிறது. போனதும் அவள் வழியிலேயேதான். ஆஸ்பத்திரியில் சோதனையெல்லாம் முடிந்த பிறகு, இளம் டாக்டர் ஒருவர் கட்டிலருகே குனிந்து, மிகவும் அன்பாக, "ஒண்ணும் இல்லைம்மா, எல்லாம் நல்லா இருக்கு, பயப்படாதீங்க" என்றார். அத்தை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் போன பிறகு நைனாவைக் கூப்பிட்டாள். "ஒண்ணுமே இல்லன்னு சொல்றான்டா. அப்ப முடிஞ்சுபோச்சு. வூட்டுக்கு இட்டுனு போ." பதினோராம் நாள் போனாள். நான் அப்போதும் சிரித்தேன், அழுதுகொண்டே. வேறென்ன செய்ய முடியும்?

ஆனால் நான் சொல்ல வந்தது அவள் குன்றுக்கு வந்த நாளைப் பற்றி.

தொழிற்சாலையில் நிறம் சேர்க்கும் பிரிவில் வேலை செய்தவர் ஒருவரை எனக்குப் பிடித்திருந்தது. அவருடைய ஊர் ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில், ஒரு குன்றின் உச்சியில் இருந்தது. அப்பா இல்லை, அம்மா மட்டும். அந்தக் குன்றில் காவிக்கல்லும் மஞ்சள் மண்ணும் வெள்ளை மண்ணும் கிடைக்கின்றன. ஊரார் அவற்றை இடித்து, ஊறவைத்து, பழைய சேலைத் துணியில் வடிகட்டி, காயவைத்து வண்ணமாக விற்கிறார்கள். தங்கள் வீடுகளுக்கும் அதைத்தான் பூசுகிறார்கள். கார்த்திகை, மார்கழி மழையில் வண்ணம் கரைந்துவிடும். தை பிறந்ததும் ஊர் முழுக்கப் புதிதாகப் பூசுவார்கள். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கேமராவோடு ஆட்கள் வருவார்கள்.

காதல் என்ற சண்டையும், வேறு ஆட்கள் என்ற சண்டையும் எங்கள் வீட்டில் ஆறு மாதம் நடந்து ஓய்ந்திருந்தன. மிச்சம் இருந்தது ஒன்றுதான். "எங்கக்கா வந்து பாக்கட்டும்," என்றார் நைனா. "அது சரின்னா எனக்குச் சரி. அது வேணாம்னா, பாப்பா, நீ எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது." நான் சரி என்றேன். வார்த்தை கொடுத்தால் மாறுகிற பழக்கம் எங்கள் இருவருக்கும் இல்லை. அதனால்தான் நான் முன்கூட்டியே கணக்குப் போட ஆரம்பித்தேன்.

குன்றின் மேலிருந்த அவருடைய வீட்டை நான் வீடியோ காலில் பலமுறை பார்த்திருந்தேன். தொழில் புத்தி, பார்க்கும்போதே எண்ணிவிட்டேன். கண்ணுக்குத் தெரிந்த குறைகள் பத்தொன்பது. அத்தையின் எல்லை பத்து. எனவே பத்தொன்பதையும் வரிசையாக எழுதி அவருக்கு அனுப்பினேன். மூன்றாவது வாசற்படி ஆடுகிறது. ஜன்னலுக்கு மேலே விரிசல். டீ டம்ளர்களில் இரண்டு வாய் உடைந்தவை. தண்ணீர்க் குடங்கள் வாசலிலேயே கிடக்கின்றன. போன வருடக் காலண்டர். நாய்க்கு உண்ணி. இப்படியே போனது. பதினேழாவது மட்டும் வேறு மாதிரி. அதை எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வியாபாரியிடம் இருபது குறை எழுதிக் கொடுத்தால், பத்துதான் சரியாகி வரும். அந்தக் கணக்கில்தான் பத்தொன்பதையும் எழுதினேன். ஒன்பது பத்து மிச்சம் இருக்கும், அத்தை எண்ணுவாள், எல்லைக்குள் அடங்கும், முடிந்தது.

அவர் பத்தொன்பதையும் சரி செய்துவிட்டார்.

தை மாதம் இரண்டாவது ஞாயிறு. வேனில் நைனா, அத்தை, மாமா, நான். அம்மாவுக்கு வண்டி ஏறினால் வாந்தி வரும், அதனால் வரவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணே போகக் கூடாது என்று யாரோ சொன்னதற்கு, "வாழப் போறது அவ. அவ பாக்காம நீயா பாக்கப் போற?" என்று அத்தை வாயடைத்துவிட்டாள்.

வேன் குன்றின் பாதியிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் கல்படிகள். கடைசித் திருப்பத்தில் ஊர் ஒரேயடியாகக் கண்ணில் விழுந்தது. அறுத்த கொய்யாப்பழம்போல ஒரு வீடு, அதை ஒட்டி மஞ்சளில் ஒரு வீடு, செங்காவிச் சுவரில் வெள்ளைப் பட்டை போட்ட வீடு. வாசல்தோறும் தட்டுகளில் வண்ண மண் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு ஆட்டுக்குட்டியின் முதுகில்கூட மஞ்சள். தொழிற்சாலையில் எண் போட்டு டின்னில் அடைத்துப் பார்த்த நிறங்கள் இங்கே வெயிலில் நின்றன.

அத்தை இடுப்பில் கை வைத்து, ஊரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"இன்னாடா தம்பி இது? ஊரையே விக்கப் போறானுங்களா?"

"அக்கா, மெதுவா."

"ஒரு போட்டுக்குப் பெயிண்ட் அடிச்சாலே ஆயிரம் கேக்கணும். இவனுங்க ஒரு ஊருக்கே அடிச்சி வச்சிக்கிறானுங்க."

"வருஷா வருஷம் பூசுவாங்க அத்தே," என்றேன். "மழைல போயிடும்."

"நீ ஏன்டி இப்பவே அந்தப் பக்கம் பேசற?"

அவரும் அவருடைய அம்மாவும் வாசலில் நின்றிருந்தார்கள். அம்மா மொடமொடவென்ற புதுப் புடவையில், அட்டைக்குள் வைத்துக் கட்டியதுபோல நின்றார். வீடு மஞ்சளும் காவியுமாக மின்னியது. மூன்றாவது படி சிமெண்ட் பூசி அசையாமல் கிடந்தது. நாய் குளித்துவிட்டு வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் பெருமையாகச் சிரித்தார். நான் அந்தப் படியைக் காலால் அழுத்திப் பார்த்தேன்.

முதல் நம்பிக்கையை மாமாதான் கொடுத்தார். எங்கள் பக்கம் உப்புக்காற்றுக்கு நிற்கவேண்டும் என்று வீட்டுச் சுவருக்கும் படகுக்கு அடிக்கிற எனாமலையே அடிப்போம். யாரும் எங்கேயும் சாய்வோம். அந்தப் பழக்கத்தில் மாமா வெள்ளைச் சட்டையோடு காவிச் சுவரில் வசதியாகச் சாய்ந்தார்.

"அண்ணா, சாயாதீங்க!" என்று அந்த அம்மா கத்தியபோது, மாமாவின் முதுகு முழுவதும் செங்காவி. பதறி அந்தப் பக்கம் நகர்ந்து மஞ்சள் தூணில் கை ஊன்றினார். ஊன்றிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்று, என்று நான் மனதுக்குள் எண்ணினேன். ஒட்டாத வண்ணம். குறைதானே?

"அத்தே, செவுத்துப் பெயிண்ட் கையில வருது பாரு," என்றேன் ஆசையாக.

"அது செவுத்துக் கொறை இல்ல," என்றாள் அத்தை, மாமாவை மேலும் கீழும் பார்த்து. "அடுத்தவங்க வூட்டுல கேக்காம சாயறது. எட்டாவது. கெடைச்சிருச்சி."

மாமாவின் முகத்தில் அப்போது தெரிந்த வருத்தத்தை மஞ்சளும் மறைக்கவில்லை.

பிறகு அவள் வேலையைத் தொடங்கினாள். மோதிர விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றினாள். டொக், டொக், டொக். எல்லா இடத்திலும் ஒரே சத்தம். மண் சுவர், வேறு எப்படிச் சத்தம் வரும்? நகத்தால் சுரண்டினாள். மஞ்சளுக்கு அடியில் சிவப்பு.

"தோ, அடியில வேற இன்னாவோ கீது!"

"அது போன வருஷத்ததுங்க," என்றார் அந்த அம்மா. "அதுக்கும் கீழ வெள்ளை இருக்கும். அது அதுக்கு முந்தின வருஷம்."

அத்தை வெள்ளை வரை சுரண்டிப் பார்த்து, ஏமாற்றத்தோடு நகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வண்ணம் எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டினால் அவள் மனம் இளகும் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பின்பக்க அடுப்பில் ஒரு மஞ்சள் மண்கட்டியை வைத்துச் சுட்டுக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அது சிவந்தது. இரும்புச் சத்துள்ள மண்ணில் இருக்கும் ஈரம் போனால் நிறம் மாறும். எனக்கு அது பாடம். நேரில் பார்த்தது அன்றுதான்.

"அப்ப இது மஞ்சளா, செவப்பா?" என்றாள் அத்தை.

"சுடற வரைக்கும் மஞ்சள்."

"மண்ணு கூட இங்க ஒண்ணை மறைச்சிக்கினுதான் கீது," என்று நைனாவின் காதில் சொன்னாள். அவள் ரகசியம் பேசினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும்.

நான் அவள் பின்னாலேயே அலைந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஆர்வமாக ஒரு வீட்டைக் குறை சொன்னதில்லை. "அத்தே, அந்த ஜன்னல் கொஞ்சம் சாய்வா இல்ல?"

"நேராத்தான் கீது. உன் கழுத்துதான் சாயுது."

"கதவு கிரீச்சுங்குது பாரு."

கதவை ஆட்டினாள். எண்ணெய் விட்டிருந்தது. என்னுடைய ஆறாவது குறிப்பு.

டீ வந்தது. டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினாள். புது டம்ளர். டீயைக் குடித்தாள். டீயும் நன்றாக இருந்தது. அவள் முகம் கறுத்துக்கொண்டே போனது. விரல்கள் பத்தும் மடியில் விரிந்து கிடந்தன, ஒன்றுகூட மடங்கவில்லை. உட்கார்ந்தவள் முதுகைச் சுவரில் சாய்க்கவில்லை, காலை நீட்டவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தம்பி, கெளம்பலாம்."

நைனா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆரம்பாக்கத்துப் படகிடமிருந்தும் இதே இரண்டு சொல்லில்தான் நாங்கள் திரும்பினோம். அந்த அம்மாவின் மகன் மட்டும் ஒன்றும் புரியாமல், "சாப்பிட்டுப் போலாமே, மீன் கொழம்பு வச்சிருக்குது" என்றார். எங்களுக்காக எங்கேயோ போய் மீன் வாங்கி வந்திருந்தார்கள்.

"கை கழுவிக்கினு வரேன்," என்று நகத்து மண்ணோடு அத்தை பின்பக்கம் போனாள்.

போனவள் வர நேரமானது. வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. போன வருடக் காலண்டரில் கிழித்தது. வண்ண மண் வைக்கும் அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்ததாம். தாளின் வெள்ளைப் பக்கத்தில் ஒன்று முதல் பத்தொன்பது வரை அவருடைய கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காவியில் தொட்டு வைத்த ஒரு சரிக் குறி. நான் எழுதாமல் விட்ட இருபதாவது இதுதான்: இந்தத் தாளைக் கிழித்துப் போடவும்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகப் படித்தாள். "மூணாவது படி. ஜன்னல் மேல விரிசல்." மாமா நிமிர்ந்தார். "நாய்க்கு உண்ணி." நாய் வாலை ஆட்டியது. "பதினேழு. அம்மா ஊதாப் புடவை கட்ட வேண்டாம்."

அங்கே நிறுத்தினாள்.

அந்த அம்மா மொடமொடக்கும் மடிப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். அந்தப் பழைய ஊதாப் புடவையில்தான் நான் அவரை வீடியோவில் ஒவ்வொரு முறையும் பார்த்திருந்தேன். ஓரத்தில் ஒட்டுப் போட்டது. ஆடுகிற படிக்கும் உடைந்த டம்ளருக்கும் நடுவில் அவரையும் ஒரு குறையாக எண்ணியிருந்தேன்.

"இது யாரு எழுதுனது?" என்றாள் அத்தை.

"நான்தாங்க," என்றார் அவர். "ஞாபகத்துக்கு."

"உங்கம்மா புடவை உனக்கு எழுதி வச்சாத்தான் ஞாபகம் வருமா?"

அவருக்குப் பொய் வராது. தாளையே பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"அத்தே, நான் அனுப்புனது. அவரு பாத்து எழுதிக்கினாரு. நீ பத்துக்கு மேல எண்ணிடுவியோன்னு பயந்து அனுப்புனேன்." அந்த அம்மாவின் பக்கம் திரும்பினேன். "பதினேழாவதை நான் எழுதியிருக்கக்கூடாதும்மா. தப்பு என் மேலதான்."

அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"அந்த ஊதாப் புடவை எங்க கீது, தங்கச்சி?" என்றாள் அத்தை.

"உள்ள."

"போய் அதைக் கட்டிக்கினு வா. இது சத்தம் போடுது."

அந்த அம்மா உள்ளே போய் வந்தார். பழைய புடவையில் அவர் வேறு ஆள். தோள் இறங்கியிருந்தது, நடை மாறியிருந்தது. அத்தை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். தாளை மடித்து மடியில் வைத்தாள்.

"நாங்க பாக்க வந்தோம். பாத்துட்டோம். இப்ப நீ பாரு. எங்க பொண்ணுக்கு நண்டு கழுவத் தெரியாது. ஒண்ணு." விரல் மடங்கியது. "எதைப் பாத்தாலும் எழுதி வச்சிக்கும். ரெண்டு. கோவம் வந்தா கத்தாது, பேசாம அலமாரிய எறக்கி அடுக்கும். அதுதான் நமக்கு ஜாஸ்தி பயம். மூணு. தப்பு பண்ணா மூஞ்சி ஒண்ணும் காட்டாது, காது மட்டும் செவக்கும். நாலு. தோ, பாரு."

எல்லோரும் என் காதைப் பார்த்தார்கள். டிரைவர் உட்பட. அவர் சாப்பாட்டுக்காக மேலே வந்திருந்தார்.

"அஞ்சாவது," என்று மடியில் இருந்த தாளைத் தட்டினாள். "இதை நான் சொல்ல வேண்டாம். நீயே பாத்துட்ட."

அந்த அம்மா ஊதாப் புடவையின் ஒட்டைத் தடவிவிட்டார். பிறகு என்னிடம் இல்லை, அத்தையிடமே பேசினார்.

"புடவைக்குக் கோவம் வந்துச்சு. வரலன்னு சொல்ல மாட்டேன். அந்தக் கோவம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்." மகனை நோக்கிக் கையைக் காட்டினார். "ஆனா அந்தப் படி எட்டு வருஷமா ஆடுச்சு. ரெண்டு வாட்டி நான் கொடத்தோட வுழுந்தேன். இவன்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலிச்சது. இந்தப் பொண்ணு ஒரு மெசேஜ் போட்டுச்சு, மறுநாள் காலைல சிமெண்டு மூட்டை வந்து எறங்குச்சு."

மகன் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க பொண்ணுகிட்ட இவ்ளோதானா?" என்றார் அந்த அம்மா.

"எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்."

"கேட்டுக்கினேன்," என்று எழுந்தார். "சோறு ஆறுது. உக்காருங்க, வதினா."

அவர்கள் பக்கம் தெலுங்கும் கலந்து பேசுவார்கள். வதினா என்றால் அண்ணி. அதுவரை அவர் அத்தையை முறை சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை. அத்தை உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். குழம்பில் காரம் கூட என்று சொல்லிக்கொண்டே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

நாங்கள் கீழே இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வேனில் மாமா முதுகு ஒட்டாமல் சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் பின் சீட்டில். ஊத்துக்கோட்டை வரும் வரை யாரும் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. கேட்டால் "வேணாம்" வந்துவிடுமோ என்று நானும் கேட்கவில்லை. கடைசியில் நைனாதான் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"எத்தினிக்கா?"

"ஒண்ணு."

"பத்தொம்போது எழுதி இருந்துச்சே?"

"அதெல்லாம் சரி பண்ணது. சரி பண்ணாதது ஒண்ணே ஒண்ணு. அது நம்ம கூட வண்டில வருது."

நைனா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். என் காதுகள் என்ன நிறத்தில் இருந்தன என்று எனக்குத் தெரியாது.

"அப்ப இன்னாக்கா பண்றது?"

"இன்னா பண்றது?" என்றாள் அத்தை, கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு. "அந்தம்மா பாத்துட்டுத்தானே கேக்குது. குடுத்துடு."